ரீபோர் என்றால் என்ன? அரைத் தலைமுடி இடைவெளியின் கணக்கு

"அண்ணே, பிக்கப் சுத்தமா இல்லை, காலைல ஸ்டார்ட் பண்ணா டக் டக்னு சத்தம் வருது, ஒரு ரீபோர் போட்டுக் குடுத்துடுங்க." பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து அநேகமாக இப்படித்தான் சொல்வார்கள். ரீபோர் என்றால் தேய்ந்துபோன சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போடுவது என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பெரிதாகக் குடைய வேண்டும், அந்த அளவு எங்கிருந்து வருகிறது, அது தப்பினால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை, புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கும் இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. இன்ஜின் வேலை முழுக்க இடைவெளி வேலைதான். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை கற்றாயிற்று. பட்டறையில் இதைத்தான் கிளியரன்ஸ் என்கிறோம்.

ஆர்எக்ஸ் 100ஐயே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்குக் கை பழகியது அதில்தான். 1985 கடைசியில் வந்து 1996 வரை தயாரான வண்டி, 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். சரி, சிலிண்டர் 50 என்றால் பிஸ்டன் எவ்வளவு இருக்க வேண்டும்? அதுவும் 50 என்றால் உள்ளே போகவே போகாது. 49.5 என்றால் உள்ளே கிடந்து ஆடும். சரியான பதில் ஏறத்தாழ 49.96. அதாவது நடுவில் 0.04 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முடியை நெடுக்காகப் பாதியாகப் பிளந்தால் வரும் அளவைவிடக் கொஞ்சம் அதிகம். அதுவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 0.02தான். அந்த இடத்துக்குள் ஒரு எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும், பிஸ்டன் நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால் நொடிக்கு 250 தடவை திசை மாற வேண்டும், இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவே கூடாது.

இதற்குமேல் இறுக்க முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம் சூடு. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்புக் குழாய், அதைத்தான் ஸ்லீவ் என்கிறோம். சூடேறினால் இரண்டும் விரியும், ஆனால் பிஸ்டன் போடும் அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதோடு பிஸ்டன்தான் நெருப்புக்கு நேர் கீழே நிற்கிறது, சிலிண்டருக்கோ வெளியே காற்று வாங்க ஃபின் என்ற மெல்லிய தகடுகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் பிஸ்டனின் தலை 200 டிகிரி சூடு கூடினால் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர் வளரும். சிலிண்டர் 100 டிகிரி கூடினால் 0.055தான் வளரும். நாம் விட்டதோ 0.04. அப்படியானால் பிஸ்டன் சிக்கிக்கொள்ள வேண்டுமே?

சிக்குவதில்லை, ஏனென்றால் பிஸ்டன் நேரான உருளையே கிடையாது. கடையில் வாங்கிய புதுப் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்கு நல்ல வட்டமாகத்தான் தெரியும். மைக்ரோமீட்டர் (நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளக்கும் கருவி) வைத்து மேலே ரிங் என்ற வளையம் உட்காரும் பக்கம் ஒரு அளவு, கீழே ஸ்கர்ட் என்கிற அடிப்பகுதியில் ஒரு அளவு எடுத்தால் மேல்பகுதி குறுகலாக இருக்கும். மேலே சூடு அதிகம், அதனால் வளர்வதற்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்கிறார்கள். அப்புறம் பிஸ்டனைக் கன்ராட் தண்டோடு இணைக்கும் பின் ஓடும் திசையில் ஒரு அளவு, அதற்குக் குறுக்கே ஒரு அளவு எடுங்கள். பின் திசையில் குறைவாக இருக்கும், ஏனென்றால் பின் உட்காரும் இடத்தில் அலுமினியம் தடியாக இருப்பதால் அந்தப் பக்கம் அதிகமாக விரியும். குளிர்ந்திருக்கும்போது கோணலாக இருந்து, ஓடிச் சூடேறியபின் உருளையாக வரும்படி செய்த பொருள் அது. இதை முதல் தடவை அளந்து பார்த்த அன்று நான் அந்தப் பிஸ்டனைக் கீழே வைக்காமல் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிளம்புகிறது. பிஸ்டன் அளவு என்று ஒன்றைச் சொன்னால் அதை எந்த இடத்தில் எடுத்தது என்று சொல்லாமல் அர்த்தமில்லை. பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் கீழ் விளிம்பிலிருந்து மேனுவல் சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் சுமார் 10 மில்லிமீட்டர் மேலே, அங்கேதான் அளக்க வேண்டும். பிஸ்டனை ரிங் இல்லாமல் போருக்குள், அதாவது சிலிண்டர் துவாரத்துக்குள் விட்டு, கையை எடுத்ததும் மெதுவாக வழுக்கி இறங்குகிறதா என்று பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. பல வருஷம் கை பழகியவர்களுக்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரலால் நம்பி வேலை செய்யாதீர்கள், மைக்ரோமீட்டரும் துவாரத்தை அளக்கும் போர் கேஜும் வாங்க ஆகும் செலவு இரண்டு மூன்று இன்ஜின் கெட்டுப்போகாமல் இருந்தாலே திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். தகரக் கூரை போட்ட பட்டறையில் மே மாத மத்தியானம் பிஸ்டனை வெயில் படும் மேசையில் வைத்துவிட்டு, பிளாக்கை (கழற்றிய சிலிண்டரை) நிழலில் வைத்து அளந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 0.02 மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும், அது நம் இடைவெளியில் பாதி. போர் மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த பிளாக்கும் அப்படித்தான், சூடு ஆறாமல் அளந்தால் துவாரம் பெரிதாகத் தெரியும், ராத்திரி ஆறியபின் அதே துவாரம் சுருங்கியிருக்கும். நான் பிஸ்டன், பிளாக், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் வந்து முதல் வேலையாக அளக்கிறேன்.

இனி தேய்மானத்துக்கு வருவோம். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அதிகம் தேய்வது மேலே, முதல் ரிங் ஏறிப்போய் ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கேதான் எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது, அங்கேதான் எண்ணெயும் குறைவு, வேகம் இல்லாததால் எண்ணெய்ப் படலமும் நிற்பதில்லை. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு சின்னப் படி தட்டுப்படும், அதற்கு மேலே ரிங் போகாத, தேயாத பழைய உலோகம். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டை (சுவரில் புகை வெளியேறும் ஓட்டையை) சுற்றியும் தேய்மானம் கூடும். அதனால் போர் கேஜை மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் குறுக்காகவும் வைத்து ஆறு அளவு எடுத்து எழுதிவையுங்கள். இடைவெளி 0.10ஐ நெருங்கிவிட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்து சாய்ந்து அடிக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் கேட்கும் அந்த டக் டக் சத்தம் இதுதான். சூடேறியதும் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் சத்தமும் குறையும். சூடேறிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், அல்லது கூடினால், சந்தேகத்தைக் கன்ராட் தண்டின் பேரிங் பக்கம் திருப்புங்கள்.

தேய்ந்த துவாரத்தை மறுபடி வட்டமாக்க ஒரே வழி எல்லாப் பக்கத்திலும் உலோகத்தை எடுப்பது. அதற்காகத்தான் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்று கூடுதல் அளவுகளில் வருகின்றன. எவ்வளவு குறைவாக எடுத்து வட்டம் கிடைக்குமோ அந்த அளவு போதும், ஏனென்றால் ஸ்லீவில் உலோகம் திரும்பி வராது. "எப்படியும் கழற்றியாச்சு, நேரா 1.00 போட்டா வண்டி பறக்கும்" என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 50ஐ 51 ஆக்கினால் 98 சிசி என்பது 102 சிசி ஆகும். நாலு சிசி. அதற்காக அந்த பிளாக்கின் அடுத்த மூன்று ஆயுளையும் ஒரே நாளில் செலவழித்துவிடுகிறோம்.

இங்கேதான் நான் தவறு செய்து கற்றுக்கொண்ட பாடம். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு வண்டி, 0.50 போட வேண்டும் என்று முடிவு செய்து, பிளாக்கை மட்டும் போர் போடக் கொடுத்து "50.50 பிஸ்டனுக்குப் போடுங்கண்ணே" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன். பிஸ்டன் வேறு கடையில் சாயந்திரம் வாங்கினேன். மாட்டினேன், ஸ்டார்ட் ஆனது, சத்தம் அருமையாக இருந்தது. மறுநாள் வண்டிக்காரர் பைபாஸில் ஒரு பத்துக் கிலோமீட்டர் போயிருப்பார், பின்சக்கரம் கீச்சென்று இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. நல்லவேளை அவர் கிளட்சைப் பிடித்துவிட்டார், கீழே விழவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாக அலுமினியம் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. பிஸ்டனை அளந்தால் நான் எதிர்பார்த்ததைவிட 0.02 பெரிது. பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தால் அது எந்த வரிசை என்றுதான் அர்த்தம், உள்ளே இருக்கும் பிஸ்டனின் உண்மையான அளவு நூறில் ஒன்றிரண்டு கூடும் குறையும். அன்றிலிருந்து பிஸ்டனை முதலில் வாங்கி, அளந்து, அளவைத் தாளில் எழுதி, பிஸ்டனையும் தாளையும் பிளாக்கோடு சேர்த்துக் கொடுக்காமல் போர் போட விடுவதில்லை. போரைத்தான் பிஸ்டனுக்குப் பொருத்த முடியும், பிஸ்டனைப் போருக்குப் பொருத்த முடியாது.

போர் மெஷின் துவாரத்தைச் சரியான அளவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடும். கடைசி சில நூறில் பங்கை ஹோனிங் கல் எடுக்கும். கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போவதால் சுவரில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சாய்ந்த கோடுகள் விழும். கோலம் போட்டது மாதிரி இருக்கும் அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும், அந்த மேடுகளில் உரசித்தான் புது ரிங் தன் வட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், வழவழப்பான போரில் ரிங் உட்காராது.

டூ ஸ்ட்ரோக்கில் மட்டும் இன்னொரு வேலை உண்டு, பலர் விட்டுவிடும் வேலை. சுவரில் போர்ட் ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, போர் போட்டதும் அவற்றின் விளிம்பெல்லாம் கத்தி மாதிரி ஆகிவிடும். ரிங் அந்த ஓட்டையைக் கடக்கும்போது கொஞ்சம் வெளியே பிதுங்கும், கத்தி விளிம்பில் மாட்டினால் உடையும். அதனால் ஒவ்வொரு போர்ட்டின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் மெல்லிய அரத்தாலோ எமரியாலோ லேசாக மழுக்க வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் எங்கேயும் சுரண்டக் கூடாது.

அப்புறம் கழுவுவது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் போதும் என்று நினைப்பது எங்கும் உள்ள பழக்கம். மண்ணெண்ணெய் எண்ணெயைத்தான் எடுக்கும், ஹோனிங் கல்லின் துகள் கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அது சிலிண்டருக்குள் போட்ட உப்புத்தாள் மாதிரி புது ரிங்கை ஒரே வாரத்தில் தின்றுவிடும். வெந்நீர், சோப்புத்தூள், பிரஷ், இந்த மூன்றும்தான் வேண்டும். தேய்த்துக் கழுவி, ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு உள்ளே துடைத்துப் பாருங்கள், சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை. நான் நாலைந்து தடவை கழுவியிருக்கிறேன். கடைசித் தடவை துடைத்த உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும், வார்ப்பிரும்பு காய்ந்த சில நிமிஷத்தில் துருப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

ரிங்கிலும் இடைவெளிதான். ரிங்கை மட்டும் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கி, இரண்டு முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் போருக்கு 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் முனைகள் ஒன்றோடொன்று முட்டி ரிங் வெளியே பிதுங்கி உடையும், ரொம்ப அதிகமானால் அழுத்தம் அந்த வழியாகக் கசியும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்குள் ஒரு குட்டிக் குச்சி இருக்கும், ரிங்கின் இரு முனைகளும் அதன் இரு பக்கமும் வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ரிங் சுற்றிப்போய் முனை போர்ட்டில் மாட்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்லிப் வளையம் எப்போதும் புதிதாகப் போட வேண்டும், அதை மாட்டும் முன் சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் அறையின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், சர்க்லிப் தெறித்து உள்ளே விழுந்தால் மொத்த இன்ஜினையும் இறக்க வேண்டும்.

மேலே இவ்வளவு செய்துவிட்டுக் கீழே கிராங்க் ஆயில் சீலை (சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையத்தை) பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலந்த காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள் போய் அழுத்தப்பட்டுத்தான் மேலே வருகிறது, அதனால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி ஓயாமல் புகை தள்ளும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், இந்தப் புகைக்கும் ரீபோருக்கும் சம்பந்தமே இல்லை. மேக்னட் பக்கத்து சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும், கலவை மெலியும், சூடு ஏறும், புதிதாகப் போட்ட பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புகை வருகிறது என்றதும் போரைக் குடையப் போகாதீர்கள், முதலில் சீலைப் பாருங்கள், விலையும் மிகக் குறைவு.

டியூனிங் இதற்கெல்லாம் பிறகுதான் வரும். இடைவெளிகள் சரியில்லாத இன்ஜினில் கார்ப்பரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பது நேர விரயம். ஆரம்பத்தில் கற்க வேண்டியது ஸ்பார்க் பிளக்கைப் படிப்பது. முக்கால் ஆக்சிலரேட்டரில் ஒரு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, அதே வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, ஓரமாக நின்று பிளக்கைக் கழற்றுங்கள். நடுவில் உள்ள வெள்ளைப் பீங்கான் காபித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கருப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேரென்று சுட்ட சுண்ணாம்பு மாதிரி இருந்தால் பெட்ரோல் குறைவு, உடனே கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போடுங்கள். பெட்ரோல் அதிகமானால் பிளக் அடைக்கும், மைலேஜ் போகும், அவ்வளவுதான். குறைவானால் இன்ஜினே போகும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர்விக்கிறது, ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிறவர்களுக்கு ஆயிலும் அதோடு சேர்ந்தே குறையும். ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லிசு, அங்கே சரியாக ஜெட் வைத்த வண்டியை அப்படியே கோயம்புத்தூருக்கு இறக்கி விரட்டினால் கலவை மெலிந்துபோய்ப் பிஸ்டன் பிடிக்க வாய்ப்பு உண்டு. போர்ட்டை உயர்த்தி வெட்டுவது, ஹெட்டைச் சீவுவது எல்லாம் இதற்கு அடுத்த வகுப்பு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற வண்டிக்கு அது வேண்டும், ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டிக்குக் கீழ்வேக இழுப்பைப் பறித்துவிடும். வெட்டிய போர்ட்டில் உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் பாஷை இதேதான், இடைவெளி இருக்கும் இடங்கள்தான் வேறு. பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350இல் டேப்பெட் (வால்வு இயக்கத்தின் இடைவெளி) பார்க்க ஃபீலர் கேஜே வேண்டாம்: இன்ஜின் குளிர்ந்திருக்க, பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சியில் நிற்க, வால்வைத் தள்ளும் தண்டான புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்தால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுற்ற மறுத்தால் வால்வு முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு எரிந்துபோகும்.

மாட்டியாயிற்று. முதல் 500 கிலோமீட்டர் ஆயில் கொஞ்சம் கூடுதலாக, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும், முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். முதல் நாள் ஓடி நன்றாக ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒருமுறை டார்க் (முறுக்கிய இறுக்கம்) பார்த்துவிடுங்கள். இடது கை விரல் இரண்டு எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும், இன்ஜின் இறுகுவது மாதிரி லேசாகத் தோன்றினாலும் அந்தக் கணமே பிடிக்க வேண்டும்.

500 ஆனதும் வண்டியைக் கொண்டுவரச் சொல்வேன். சைலன்ஸரை மட்டும் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஸ்கர்ட்டில் மங்கலான, சீரான உரசல் தடம், எதிர்ச்சுவரில் ஹோனிங் கோடுகள் இன்னும் அப்படியே. ஆயில் அளவைப் பழையபடி குறைத்து, சைலன்ஸரை மாட்டி, சாவியைக் கொடுத்துவிடுவேன்.